ஆறு தோல்விக்குப் பிறகு

யாழ்ப்பாணம்

அன்பு மகன்,

நேற்றுக் கதைக்கேக்கை உன்ரை குரலே சரியில்லை. கணினியிலை நீ விளையாடுற புட்போல் மனேஜரிலை உன்ரை ரீம் ஆறு மட்ச் தொடர்ந்து தோத்திட்டுது, இனி ஆட்டமுறையையே மாத்தப் போறன் எண்டாய். மாத்தாதை தம்பி. அந்த விளையாட்டிலை ஒரு ஆட்டமுறை ரீமுக்குப் பழக வாரக்கணக்கிலை எடுக்கும். மனம் விழுந்து கிடக்கிற பெடியளுக்கு, எங்கை நிக்கிறதெண்டும் தெரியாமல் போனால் ஏழாவதும் போயிடும்.

முதல்லை டைனமிக்ஸ் பக்கத்தைத் திற, ரீமுக்குள்ளை ஆற்றை சொல்லு எடுபடுதெண்டு காட்டுற பக்கம். 2018 பதிப்பிலை வந்தது அது. மேல் தட்டிலை ரீம் லீடர்ஸ் எண்டு ரெண்டு மூண்டு பேர் நிப்பினம். அவையின்ரை மொறேல், அதுதான் மனநிலை, கீழை கிடந்தால் மற்ற இருபது பேரோடை கதைச்சும் பலன் குறைவு. அவையைத் தனித்தனியக் கூப்பிட்டுக் கதை. ரீம் மீற்றிங் அதுக்குப் பிறகுதான். அவை உன்ரை பக்கம் இல்லாத நேரம் மீற்றிங் வைச்சால், ஒருத்தன் எதிர்த்துக் கதைக்க மிச்சப்பேரும் அவனோடை சாஞ்சிடுவினம்.

பாராட்டிலையும் கவனம். பயிற்சியிலை பத்துக்கு எட்டுக்கு மேலை எடுத்தவனைப் பாராட்டு. ஆறரை எடுத்தவனைப் பாராட்டினால் உன்ரை சொல்லுக்கே மதிப்புப் போயிடும். பாராட்டினவனை உடனை திருப்பியும் கூப்பிடாதை, எரிச்சல்படுவான்.

மட்சுக்கு முதல் "வெல்லத்தான் வேணும்" எண்டு சொல்லாதை. பதறினவன்ரை காலிலை பந்து நிக்காது. "பயப்பிடாமல் விளையாடுங்கோ" எண்டு சொல்லு. மனவுறுதிப் புள்ளி இருபதுக்குப் பதினைஞ்சுக்கு மேலை இருக்கிறவனிட்டை மட்டும் தனியக் கூடுதலாய்க் கேக்கலாம். கோல் வாங்கினவுடனை ஒருக்கா ஊக்கப்படுத்து, பிறகு பதினைஞ்சு நிமிசம் பொறு. துரையப்பா விளையாட்டரங்கிலை பாத்திருப்பாய்தானே, கரையிலை நிண்டு ஓயாமல் கத்தினால் உள்ளை நிக்கிறவன்ரை காதிலை ஒண்டும் ஏறாது.

உன்ரை ஒன்பதாம் நம்பர்தான் எனக்குப் பெரிய யோசினை. கோல் இல்லாத ஸ்ட்ரைக்கர் நல்ல இடத்திலை பந்து கிடைச்சாலும் அவசரப்பட்டு அடிப்பான். பெனால்ரியை அவன்ரை பேரிலை போடு. பெனால்ரியெண்டாலும் கோல் கோல்தான், அடுத்த மட்சிலை முகம் மாறும். ஆனால் அவன்ரை பெனால்ரிப் புள்ளி இருபதுக்குப் பத்துக்குக் கீழை எண்டால் குடுக்காதை. தவறவிட்டால் இப்ப கிடக்கிற இடத்திலும் கீழை போவான். அப்பிடியெண்டால் மட்ச் இல்லாத நாளிலை ரெண்டாம் ரீமிலை ஒரு மணித்தியாலம் இறக்கு. வெளியிலை இருத்தி வைச்சால் மட்ச் கூர்மையும் மழுங்கிப் போயிடும்.

"ஜனவரியிலை புது ஆள் எடுத்துத் தருவன்" எண்டு ஒருத்தனுக்கும் வாக்குக் குடுக்காதை, கையிலை காசு இருந்தாலொழிய. வாக்குப் பிசகினால் அவன் மட்டுமில்லை, அவன்ரை கூட்டாளியளும் முகத்தைத் திருப்புவினம்.

மூண்டு கோல் முன்னுக்கு நிக்கிற நாளும் வரும். அண்டைக்கு இடைவேளையிலை புகழாதை, "கவனம் சிதறக்கூடாது" எண்டு மட்டும் சொல்லு.

சனிக்கிழமை மட்ச் முடிய, தலைவர்மாரின்ரை மொறேல் திரையிலை என்ன நிறத்திலை நிக்குதெண்டு சொல்லு. அம்மா ஒடியல் மா அனுப்பியிருக்கிறா. நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அப்பா