ஒளிக்காட்சியைக் காட்டாமலே திரும்பிய சார்த்ர் பயணம்: பணத்தைத் திருப்பித் தரவும்

பெறுநர்: மேலாளர், சுற்றுலா நிறுவனம், பாரிஸ்

மதிப்பிற்குரிய ஐயா,

ஜூன் 14 அன்று நீங்கள் நடத்திய 'சார்த்ர் ஒளி இரவு' பேருந்துப் பயணத்தில் நானும் அம்மாவும் வந்திருந்தோம். ஆளுக்கு 85 யூரோ கட்டினோம். இரவில் சார்த்ர் நகரக் கட்டடச் சுவர்களில் வண்ண ஒளியால் படம் காட்டுவார்கள். அந்த ஒளிக்காட்சிகளில் ஒன்றைக்கூடப் பார்க்காமல் திரும்பினோம்.

இரவு 7.45 முதல் 10 மணி வரை சார்த்ரில் இருப்போம் என்று உங்கள் பயணத் திட்டத்தில் போட்டிருந்தது. ஜூன் நடுவில் அங்கே சூரியன் மறைவதே பத்து மணியை ஒட்டித்தான். நன்றாக இருட்டிய பிறகுதானே சுவரில் படம் தெரியும்? நாங்கள் பேருந்தில் ஏறியபோது வானம் வெளுப்பாகவே இருந்தது.

வழிகாட்டியாக வந்த பெண்ணை நான் குறை சொல்லவே மாட்டேன். 1194 தீ விபத்தில் சார்த்ர் பேராலயத்தின் பழைய கட்டடம் பெரும்பாலும் எரிந்தது, மேற்கு வாசல் தப்பியது, இரண்டு கோபுரங்களும் ஏன் வெவ்வேறு மாதிரி இருக்கின்றன என்றெல்லாம் அழகாகச் சொன்னார். அந்த வாசல் சிற்பங்களுக்கு ஒரு காலத்தில் வண்ணம் பூசியிருந்தார்களாம். உங்கள் விளம்பரப் படத்தில் அதே முகப்பு வண்ண ஒளியில் மின்னியதைப் பார்த்துத்தான் அம்மா இந்தப் பயணத்தையே கேட்டார். முழங்கால் வலியோடு மேட்டில் ஏறி வந்தவர், வெறும் கல் சுவரைப் பார்த்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். உள்ளே போய் அந்த நீலக் கண்ணாடிச் சாளரங்களையாவது பார்க்கலாம் என்றால், நாங்கள் போய்ச் சேருமுன்பே கதவைச் சாத்திவிட்டார்கள். இன்னும் ஒரு மணி நேரம் பொறுங்கள் என்று பலரும் கெஞ்சினோம். ஓட்டுநரின் வேலை நேரம் முடிகிறது என்றார்கள். சரி, அது சட்டம், அவர் மேல் தப்பில்லை. பேருந்தை இரண்டு மணி நேரம் தாமதமாகக் கிளப்பியிருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது.

காட்சி தொடங்கும் நேரம் உங்கள் கையில் இல்லை என்று எனக்குப் பதில் எழுதியிருக்கிறீர்கள். அதை ஏற்க முடியாது. சூரியன் மறையும் நேரம் முன்கூட்டியே தெரிந்த ஒன்று. அப்புறம், அந்தக் காட்சிகளுக்கு நகரத்தில் கட்டணமே கிடையாது. சரியான நேரத்துக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவருவதற்காகத்தான் உங்களிடம் பணம் கொடுத்தோம். அதைத்தான் நீங்கள் செய்யவில்லை.

அடுத்த பயணத்துக்கு நீங்கள் தருவதாகச் சொன்ன 10 சதவீதத் தள்ளுபடி எனக்கு வேண்டாம். 170 யூரோவையும் இரண்டு வாரத்துக்குள் என் வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள். இல்லையென்றால் உங்கள் நிறுவனத்துக்குரிய நுகர்வோர் சமரசரிடம் இந்தக் கடிதத்தோடு முறையிடுவேன்.

இதே பயணத்தை ஜூலைக்கும் அதே நேரத்தோடு விற்றுக்கொண்டிருக்கிறீர்கள். தயவுசெய்து நிறுத்துங்கள். கோடையில் நள்ளிரவு தாண்டித் திரும்புகிற மாதிரி நேரத்தை மாற்றுங்கள், அல்லது செப்டம்பர் கடைசியில் வையுங்கள். அப்போது எட்டு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், வயதானவர்களுக்கும் சிரமம் இருக்காது.

பயணச்சீட்டு, பணம் கட்டிய ரசீது, பேருந்தில் ஏறும்போது எடுத்த புகைப்படம் ஆகியவற்றை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
ஜூன் 14 பயணத்தில் வந்த வாடிக்கையாளர்