எங்கள் மகளின் பேச்சைப் பொறுமையாகக் கேட்டவர்களுக்கு நன்றி

எல்லோருக்கும் வணக்கமுங்க. நாங்கள் சத்தியமங்கலம் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். எங்கள் நான்கு வயது மகளின் பேச்சில் என்ன குறை என்று கண்டுபிடிக்க உதவியவர்களுக்கு எல்லோரும் அறிய நன்றி சொல்லவே இந்த மடல். பயிற்சி இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் எங்கள் பயம் தெளிந்தது பரிசோதனையில்தான், அதனால் நன்றியை அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதல் நன்றி எங்கள் ஊர் அங்கன்வாடி டீச்சருக்கு. “பாப்பா பேசுறது மத்த குழந்தைகளுக்குப் புரியறதில்லீங்க. அதனால பேசறதையே குறைச்சுக்கிட்டு வர்றா” என்று கவனித்துச் சொன்னவர் அவர். நான்கு வயதில் ஒரு குழந்தை பேசுவது வெளியாட்களுக்கும் பெரும்பாலும் புரிய வேண்டுமாம். எனக்கும் அவள் பாட்டிக்கும் எல்லாம் புரிந்ததால் வீட்டில் அது பெரிதாகத் தெரியவில்லை. 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருடம் இருமுறை வரவேண்டும். அந்தக் குழு வந்த அன்று டீச்சரே முன்னால் நின்று காட்டி, குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளைச் சின்ன வயதிலேயே கண்டுபிடித்து உதவும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையத்துக்குச் சீட்டு வாங்கிக் கொடுத்தார்.

அதற்கு முன்னால் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். நாக்கு ஒட்டியிருக்கிறது, வெட்டிவிட வேண்டும் என்றார்கள். வசம்பைத் தேனில் உரசித் தடவச் சொன்னார்கள். என் மாமியார் தாளவாடிக்காரர், பேத்தியிடம் கன்னடத்தில்தான் பேசுவார். அதை நிறுத்தினால் சரியாகிவிடும் என்றும் சிலர். ஓர் இடத்தில் குழந்தை வாயைத் திறக்கும் முன்பே “ஆட்டிசமா இருக்கலாம்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அன்று ராத்திரி வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

மையத்தில் முதலில் காதைத்தான் பார்த்தார்கள். பேச்சில் என்ன சந்தேகம் இருந்தாலும் கேட்கும் திறனைப் பார்க்காமல் மேலே போகக்கூடாது என்று அந்தச் செவித்திறன் நிபுணர் சொன்னார். ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு மணியை டப்பாவில் போடச் சொன்னார். பாப்பாவுக்கு அது விளையாட்டு. நடுக்காதில் நீர் கட்டியிருக்கிறதா என்றும் பார்த்தார். இரண்டு காதும் நன்றாக இருந்தன. கைகூப்பி நன்றி சொல்கிறேனுங்க.

அப்புறம் பேச்சுப் பயிற்சியாளர் அம்மா. கர்ப்ப காலத்தில் தொடங்கி, எப்போது உட்கார்ந்தாள், எப்போது முதல் சொல் சொன்னாள், வீட்டில் யார் எந்த மொழி பேசுகிறார்கள் என்று எல்லாம் கேட்டார். தரையில் உட்கார்ந்து பாப்பாவோடு சோறாக்கி விளையாடினார். கண்ணைப் பார்த்துப் பேசுகிறாளா, தனக்கு வேண்டியதைக் கேட்கிறாளா, “பந்தை எடுத்து டப்பாக்குள்ள போட்டுட்டு, பொம்மையை அம்மாகிட்டக் குடு” என்றால் புரிந்து செய்கிறாளா என்று கவனித்தார். எல்லாம் செய்தாள். நாக்கை நீட்டவும், மேலே தூக்கவும், உதட்டை நக்கவும் சொல்லிப் பார்த்தார். நாக்கில் குறையே இல்லை, வெட்டுகிற வேலையும் இல்லை.

பிறகு படங்களைக் காட்டிப் பேச வைத்து, எழுத்து எழுத்தாகக் குறித்துக்கொண்டார். காக்காவை ‘தாத்தா’ என்றாள், அக்காவை ‘அத்தா’ என்றாள். நாக்கின் பின்பக்கம் எழும்ப வேண்டிய ககரமெல்லாம் முன்பக்கத்துக்கு வந்து தகரமாகிவிடுகிறது என்று காட்டினார். சின்ன வயதில் பல குழந்தைகளிடம் இருப்பதுதானாம், இந்த வயதுக்குள் போயிருக்க வேண்டும். எங்கள் கொங்குப் பேச்சில் வாக்கியத்துக்கு வாக்கியம் ‘ங்க’ வருகிறதே! ‘வாங்க’ என்பது ‘வாந்த’ ஆனது, ‘சரிங்க’ என்பது ‘சரிந்த’ ஆனது. அதனால்தான் அவள் மரியாதையாகப் பேசப் பேச மற்றவர்களுக்குப் புரியாமல் போயிருக்கிறது.

‘கட்டு’, ‘தட்டு’ இரண்டுக்கும் படம் வைத்து, சொன்னதைத் தொடச் சொன்னார். ஒன்றுகூடத் தப்பவில்லை. வித்தியாசம் காதுக்குத் தெரிகிறது, வாய்க்குத்தான் வரவில்லை. மாமியாரையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கன்னடத்தில் கேட்க வைத்தார். ‘காலு’ அங்கேயும் ‘தாலு’தான். இரண்டு மொழி கேட்பதால் பேச்சுக் குறை வராது, பாட்டி பேசுவதை நிறுத்தவே வேண்டாம் என்றார். என் மாமியார் அங்கேயே அழுதுவிட்டார். தன்னால்தான் பேத்திக்கு இப்படி ஆயிற்று என்று அவர் உள்ளுக்குள் குமைந்துகொண்டிருந்தது எங்களுக்கே அன்றுதான் தெரிந்தது. அந்த ஒரு சொல்லுக்காக அந்த அம்மாவுக்கு எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

மில்லில் ஷிஃப்ட் மாற்றிக் கொடுத்த சூப்பர்வைசர் அண்ணனுக்கும், மூத்தவனைப் பார்த்துக்கொண்ட எதிர்வீட்டு அக்காவுக்கும் நன்றி. எங்களுக்குப் புரிகிற தமிழில் அறிக்கை எழுதிக் கொடுத்த பயிற்சி மாணவிக்கும் நன்றி. நன்றாக இரு கண்ணு.

சொல்லின் முதலில் இப்போது ‘க’ வருகிறது. ‘ங்க’ இன்னும் வரவில்லை, பாட்டியும் பேத்தியும் தினமும் சொல்லிப் பழகுகிறார்கள். இதே போல் குழந்தை வைத்திருப்பவர்கள் மையத்துக்கு எப்படிப் போவது, என்னென்ன கொண்டுபோவது என்று கேட்க வேண்டுமானால் எங்கள் ஊர் அங்கன்வாடி டீச்சரிடம் சொல்லி அனுப்புங்க. நான் கூடவே வருகிறேன்.