பாப்பாவுக்கு, தேவனாம்பட்டினத்திலிருந்து

பாப்பா,

போனில் பேசினால் பாதியிலேயே எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது, அதனால்தான் எழுதுகிறேன். பெரியப்பா அன்றைக்குச் சொன்னதை மனசில் வைத்துக்கொள்ளாதே. சமூகப்பணியில் எம்.எஸ்.டபிள்யூ. படித்துவிட்டு சிப்காட்டில் ஹெச்.ஆர். வேலைக்குப் போகாமல், 18,000 ரூபாய்க்குத் தொண்டு நிறுவனம் என்று ஜவ்வாது மலை ஏறுகிறாளே என்று அவருக்கு ஆதங்கம். உங்கப்பாவுக்கும் இருக்கிறது. எனக்கு இல்லை. ஏன் என்று உனக்கு முழுசாகச் சொன்னதில்லை.

2004 டிசம்பர் 26-ல் அலை வந்தது, இரண்டு வயசுப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினேன் என்பதெல்லாம் நீ நூறு தடவை கேட்டதுதான். அதற்கு அடுத்த வாரங்களைப் பற்றித்தான் நான் பேசுவதில்லை. கல்யாண மண்டபத்தில் இருந்தோம். லாரி லாரியாகத் துணி வந்தது, நல்ல மனசோடுதான் அனுப்பினார்கள், ஆனால் ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போன மூட்டையைப் பிரித்தால் கிழிந்த பேன்ட், பொத்தான் போன சட்டை, கம்பளி ஸ்வெட்டர். நம் பெண்கள் யாரும் அதில் கை வைக்கவில்லை. மீன் விற்ற காசில் புதுசு எடுத்துக் கட்டியவர்கள் நாங்கள். அந்தக் குவியல் பனியில் நனைந்து மக்கி, கடைசியில் மாடு படுத்துக் கிடந்தது.

அப்போது ஒரு பொண்ணு வந்தாள். இப்போது உனக்கு இருக்கிற வயசுதான் இருக்கும், கையில் ஒரு நீள நோட்டு. ஆம்பிளைகள் வெளியே போகும்வரை காத்திருந்து, எங்கள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "அக்கா, உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள். அத்தனை நாளில் அதைக் கேட்ட முதல் ஆள் அவள்தான். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. அப்புறம் நான்தான் அவள் காதோரம் சொன்னேன், மாற்றிக் கட்ட உள்பாவாடை இல்லை, தூரமானால் வைத்துக்கொள்ளத் துணி இல்லை என்று. முகம் சுளிக்காமல் எழுதிக்கொண்டாள். மறுநாள் சாயந்திரம் ஆளுக்கொரு துணிப்பை வந்தது, பையில் பெயர். என் பெயரைப் பிழையில்லாமல் எழுதியிருந்தாள். பீரோவில் உன் சர்டிபிகேட் எல்லாம் வைத்திருக்கிறேனே, அந்த மஞ்சள் பைதான் அது.

எங்களை மகளிர் குழுவாகச் சேர்த்து, தீர்மான நோட்டு எழுதச் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான். ஒன்றரை வருஷத்தில் ப்ராஜெக்ட் முடிந்துவிட்டது என்று போய்விட்டாள். பாதிக் கணக்கு அவளுக்கு மட்டும்தான் தெரியும், ஆறு மாதம் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. அவளுக்கே கடைசி இரண்டு மாதச் சம்பளம் வரவில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது.

அதனால் சேருகிற அன்றைக்கே கேள், உன் வேலைக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, எந்தத் தேதி வரைக்கும் என்று. சமூகப் பொறுப்புக்கென்று கம்பெனி கொடுக்கிற சிஎஸ்ஆர் பணம் என்றால், 2013 சட்டப்படி பெரிய கம்பெனிகள் மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவழித்தாக வேண்டும், கணக்கு வருஷம் முடிகிற மார்ச் நெருங்க நெருங்க எண்ணிக்கை கொடு, போட்டோ கொடு என்று உன்னை நெருக்குவார்கள். வெளிநாட்டுப் பணம் என்றால், முன்பு நிர்வாகச் செலவுக்கு 50 சதவீதம் வரை எடுக்கலாம், 2020-ல் அதை 20 ஆக்கிவிட்டார்கள், ஒரு நிறுவனம் வாங்கி இன்னொன்றுக்குப் பிரித்துக் கொடுக்கவும் கூடாது. சம்பளம் தள்ளிப்போனால் எதனால் என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பி.எஃப். பிடிக்கிறார்களா, மலைக்கு வண்டியில் போனால் பெட்ரோல் காசு தனியா, ராத்திரி தங்கினால் கூட யார், எல்லாவற்றையும் கேள். சேவைக்கு வந்துவிட்டுக் காசைப் பற்றிப் பேசலாமா என்று கூச்சப்படாதே கண்ணு.

நீ கடற்கரைப் பிள்ளை. சாமை எப்போது விதைப்பார்கள், எப்போது கையில் காசு இருக்கும், எப்போது இருக்காது என்பதை மலை மேலே இருக்கிற ஜமுனாமரத்தூர் சனங்கள் சொல்லித்தான் நீ தெரிந்துகொள்ளணும். குழு ஆரம்பித்தால் நோட்டை நீயே எழுதாதே, அந்த ஊர்ப் பொண்ணுங்க இரண்டு பேர் கையில் கொடு, கிறுக்கினாலும் பரவாயில்லை. அப்புறம், போட்டோ எடுப்பதற்கு முன்னால் கேள். மண்டபத்து வாசலில் உன்னை மடியில் போட்டுக்கொண்டு நான் அழுததை யாரோ படம் எடுத்துக்கொண்டு போனார்கள், அது எங்கே இருக்கிறதோ, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

நெத்திலிக் கருவாடு காய்ந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன். உங்கப்பா நேற்று ஒன்றும் சொல்லாமல் திருப்பாதிரிப்புலியூர் போய் ஒரு ஸ்வெட்டர் வாங்கி வந்திருக்கிறார், நீலக் கலர், மலையில் ராத்திரி குளிருமாமே என்றார். அளவு சரியாக இருக்குமா என்று உன்னைக் கேட்கச் சொன்னார், பெரிசாக இருந்தால் கடையில் மாற்றிக் கொடுப்பார்களாம். என்ன அளவு வேணும் பாப்பா?

அம்மா