கடைசி தேதி முடிஞ்சப்புறம் எதுக்கு நியூஸ்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல, தத்தெடுப்புச் சட்டத்துக்கு அரசு மக்கள்கிட்ட கருத்து கேட்டது பத்தின கட்டுரையில "கருத்து கேட்டாலும் தத்தெடுத்த பெற்றோர் ஆர்வம் காட்டுவதில்லை"ன்னு ஒரு வரி. ரொம்ப நன்றி சார், நாங்களும் தத்தெடுத்தவங்கதான். செம்பூர்ல எங்க வீட்டுக் கதவை ஓட்டு கேட்டுத் தட்டியிருக்காங்க, சந்தா கேட்டுத் தட்டியிருக்காங்க, இதுக்கு ஒருத்தரும் தட்டல. வெப்சைட்ல எங்கயோ இங்கிலீஷ்ல ஒரு பிடிஎஃப் போட்டு, கடைசி தேதி போனப்புறம் உங்க பேப்பர்ல நியூஸ் வந்தா ஆர்வத்தை எங்க கொண்டுபோய் காட்டுறது?

ஹோம் ஸ்டடிக்கு, அதாவது தத்து குடுக்குறதுக்கு முன்னாடி வீட்டைப் பாத்து விசாரிக்க, வந்தவங்க எங்க ஒன் பிஹெச்கே-ல பாத்ரூம் வரைக்கும் பாத்துட்டு, உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா குழந்தையை யார் பாத்துப்பாங்கன்னு கேட்டாங்க, அதுக்கெல்லாம் ஆர்வமாத்தான் பதில் சொன்னோம். காரா (மத்திய அரசோட தத்தெடுப்பு ஆணையம்) சைட்ல, காத்திருக்கிறவங்க வரிசையில எங்க சீனியாரிட்டி நம்பரை காலையில பல்லு விளக்குறதுக்கு முன்னாடி பாத்த வருஷங்கள் இருக்கு. 2022-ல பொண்ணு வீட்டுக்கு வந்துட்டா, தத்தெடுப்பு ஆர்டர் மட்டும்தான் பாக்கி. அதே வருஷம் செப்டம்பர்ல இருந்து கோர்ட் கிடையாது, கலெக்டர்தான் ஆர்டர் போடுவாருன்னு மாத்திட்டாங்க. சீக்கிரம் முடியணும்னுதான் மாத்தினாங்க, சரி, பாதியில நிக்கிற எங்க ஃபைல்? கோர்ட்ல கேட்டா கலெக்டர் ஆபீஸ்ங்கிறாங்க, அங்க கேட்டா ஃபைல் இன்னும் வரலங்கிறாங்க. 2023 ஜனவரில பாம்பே ஹைகோர்ட் பழைய கேஸை கலெக்டர்கிட்ட மாத்தக்கூடாதுன்னு ஸ்டே குடுத்தப்புறம்தான் எனக்கு தூக்கமே வந்துச்சு. ஊர்ல சித்தி வேற, சொந்தத்துல ஒண்ண எடுத்து பத்திரம் பதிஞ்சிருந்தா ஒரே நாள்ல முடிஞ்சிருக்குமேன்னு போன்ல.

தத்தெடுத்த அம்மாவோட லீவு கதை தெரியுமில்லையா உங்களுக்கு? மகப்பேறு லீவு சட்டத்தோட 2017 திருத்தத்துல 12 வாரம் குடுத்தாங்க, ஆனா குழந்தைக்கு வயசு மூணு மாசத்துக்குள்ள இருக்கணும்னு வச்சாங்க. குழந்தையை ஒப்படைச்ச தாய் மனசு மாற 60 நாள் டைம் குடுக்கிறதும் இதே சட்டம் போடுற ஆளுங்கதான், அது நியாயமும்கூட, அதுக்கப்புறம் பேப்பர் எல்லாம் முடிஞ்சு எந்தக் குழந்தை மூணு மாசத்துக்குள்ள வீட்டுக்கு வரும்? என் பொண்ணு வந்தப்போ 11 மாசம். ஆபீஸ்ல "ரூல்ல இல்லையே மேடம்"னுட்டாங்க. லாஸ் ஆஃப் பே.

அப்புறம் உங்க பேப்பர்ல எப்பவும் "சொந்தப் பிள்ளை மாதிரி வளர்க்கிறார்கள்"னு எழுதுறீங்களே, என்ன சார் அது, "மாதிரி"?

அடுத்த தடவை கருத்து கேட்டா, அனுப்ப வேண்டிய அட்ரஸையும் கடைசி தேதியையும் தமிழ்ல ஒரு சின்ன பெட்டில முன்கூட்டியே போடுங்க, மணமகள் தேவை பக்கத்துல போட்டாலும் பரவாயில்ல. பேப்பரையே நிறுத்திடலாம்னு வீட்டுக்காரர் சொல்றாரு, ராசிபலனுக்காக மாமியார்தான் விட மாட்டேங்கிறாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
செம்பூர், மும்பை