கலைப்பில் உள்ள சங்கங்களின் கையாடல் புகார்கள்: கூட்டுறவுப் பதிவாளருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்களின் பதிவாளர் அவர்களுக்கு,

வணக்கம். நான் வைப்புத்தொகை போட்டிருந்த கூட்டுறவுச் சங்கம் கலைப்பில் இருக்கிறது, அதாவது அதை மூடிக் கணக்கு முடிக்கும் வேலை நடக்கிறது. கையாடல் பற்றிப் புகார் கொடுக்கப் போனால், "சங்கமே கலைஞ்சாச்சு, இனி யார் மேல கேஸ் போடறது?" என்கிறார்கள். கலைப்பு அலுவலரோ காவல் நிலையத்தைக் கைகாட்டுகிறார்.

1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 137ஆம் பிரிவுப்படி கலைப்பு ஆணை வந்தால், சொத்தைக் கணக்கெடுத்து, வரவேண்டியதை வசூலித்து, கடன்களைத் தீர்க்கும் வேலை தொடங்குகிறது. அவ்வளவுதான். மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சட்டத்தின் 107ஆம் பிரிவு, கலைப்பு ஆணை வந்தபின் பதிவாளர் அனுமதி இல்லாமல் வழக்குத் தொடரக் கூடாது என்கிறது. அந்தத் தடைகூடச் சங்கத்தின் மீதும் கலைப்பு அலுவலர் மீதும் போடும் வழக்குகளுக்குத்தான். இருக்கிற சொத்தை ஆளாளுக்குப் பிய்த்துக்கொண்டு போகாமல் காப்பது அதன் நோக்கம். போலி நகையை வைத்துக் கடன் எழுதிய செயலாளருக்கு அதில் என்ன பங்கு? வழக்கில் அவர் எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்), சங்கம் பாதிக்கப்பட்ட தரப்பு.

சங்கமே எதிரியாக நிற்கும் வழக்கு என்றால் கேள்வி வேறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திவால் சட்டத்தின் கீழ் வந்த மோகன்ராஜ் வழக்கில் (2021) உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது? திவால் நடவடிக்கையின்போது வழக்குகளை நிறுத்திவைக்கும் தடைக்காலத்தில் நிறுவனத்தின் மீது காசோலை மோசடி வழக்கு நடத்த முடியாது, பொறுப்பில் இருந்த தனிநபர்கள் மீது நடத்தலாம் என்றது. திவாலில் சிக்கிய கம்பெனியின் இயக்குநருக்கே தப்பிக்க வழியில்லை.

தமிழ்நாடு சட்டத்தின் 87ஆம் பிரிவில் தண்டத் தீர்வை (இழப்பை ஏற்படுத்தியவரிடமே வசூலிக்கும் ஆணை) போட்டாயிற்றே என்றும் சிலர் சமாதானம் சொல்கிறார்கள். சரி, அது பணத்தைத் திரும்பப் பெறும் வழி. பணத்தைக் கட்டியதால் தண்டனை குறையலாம், குற்றம் நடக்கவில்லை என்று ஆகிவிடாது. காலம் கடந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. ஊழியர் செய்யும் நம்பிக்கை மோசடிக்கு (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 408, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 316(4)) ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. மூன்று ஆண்டுக்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களுக்குக் காலவரம்பே கிடையாது.

எனக்கு உண்மையான பயம் சட்டத்தைப் பற்றியதல்ல, பதிவேடுகளைப் பற்றியது. சங்கத்தின் கணக்கை முடித்துப் பதிவை ரத்து செய்தபின் நகைக்கடன் லெட்ஜரையும் வவுச்சர்களையும் யாரிடம் போய்க் கேட்பது?

ஆகவே, கலைப்பு நடப்பது புகாருக்குத் தடையில்லை என்று உங்கள் அலுவலர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்புங்கள். கையாடல் புகார் உள்ள சங்கங்களில் லெட்ஜர், வவுச்சர், தீர்மானப் புத்தகம் எல்லாவற்றையும் பதிவு ரத்தாகும் முன்பே கூட்டுறவு மோசடிகளை விசாரிக்கும் காவல் துறையின் வணிகக் குற்றப் புலனாய்வுப் பிரிவிடம் ஒப்படைக்கச் சொல்லுங்கள். ஒப்படைத்த பட்டியலின் நகலை உறுப்பினர்களுக்கும் கொடுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வைப்புதாரர்