சிறைக்குள் ஒரு பல்வலி

ஐயா,

சிறைக்குள் போதைப்பொருள் பிடிபட்டதாக அடிக்கடி செய்தி வருகிறது. அதைப் பயன்படுத்தியவரின் வாய் என்ன கதியில் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறையில் நடந்த மருத்துவ முகாமுக்குப் போயிருந்தேன். முப்பது வயதுகூட ஆகாத இளைஞர். வாயைத் திறக்கச் சொன்னால் இரண்டு விரல் அளவுக்கு மேல் திறக்க முடியவில்லை. குட்கா கன்னத்தின் உட்சதையை நார்போல இறுக்கியிருந்தது. புற்றுநோயாக மாறக்கூடிய நிலை அது. "பல்லு வலிக்குத்தான் சார் அடக்கிக்கிறேன்" என்று கடைவாய்ச் சொத்தையைக் காட்டினார்.

போதை ஊசிக்குப் பழகியவர்களின் பாடு இன்னும் கொடுமை. எச்சில் வற்றிச் சொத்தை பரவும். வலியோ மருந்தின் மயக்கத்தில் தெரியாது. கைதாகிப் போதை நின்றதும் அத்தனை வலியும் ஒன்றாகக் கிளம்பும். மீண்டும் போதையைத் தேடவைப்பதும் அந்த வலிதான்.

ஒவ்வொரு கைதிக்கும் பல் மருத்துவர் சேவை கிடைக்க வேண்டும் என்கிறது, ஐ.நா. 2015-ல் ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகளின் 25-வது விதி. ஆனால் வழிக்காவலுக்குப் போலீசார் இல்லையென்றால் வெளி மருத்துவமனைக்குப் போகும் நாள் தள்ளிப்போகிறது. அடைத்திருக்க வேண்டிய பல்லைக் கடைசியில் பிடுங்குகிறோம். நம் நாட்டுச் சிறைகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள், தீர்ப்பே வராதவர்கள்.

சிறைக்கு வரும் முதல் நாள் பரிசோதனையிலேயே வாயையும் பார்க்க வேண்டும். போதை மீட்பு ஆலோசகரும் பல் மருத்துவரும் ஒரே நாளில் வர அரசு ஏற்பாடு செய்ய வேண்டும்.

— ஓய்வுபெற்ற பல் மருத்துவர், மதுரை