சிறு விமானம் ஓட்டுபவர்களுக்கு, காப்பாரிலிருந்து ஒரு மடல்

மலேசியப் பறக்கும் கழகங்களின் உறுப்பினர்களுக்கும், சொந்தமாகச் சிறு விமானம் வைத்திருப்பவர்களுக்கும் வணக்கம்.

சிலாங்கூர் மாநிலத்துக் காப்பார் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் முப்பது ஆண்டுகள் மண்டோராக, அதாவது தொழிலாளர்களை மேற்பார்க்கும் கங்காணியாக, இருந்தவன் நான். உங்கள் விமானம் தலைக்கு மேலே போகும்போது குலை வெட்டுபவர் கழியை மரத்தில் சாய்த்துவிட்டு அண்ணாந்து பார்ப்பார். தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பிள்ளைகள் வாசலுக்கு ஓடிவந்து கையசைப்பார்கள். சத்தம் தொந்தரவு என்று எங்களில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

2024 பிப்ரவரி 13 அன்று, சுபாங் விமான நிலையத்திலிருந்து புறப்பட்ட சிறு விமானம் ஒன்று இங்கே கம்போங் தோக் மூடா பகுதியில் செம்பனைகளுக்கு நடுவே விழுந்தது. அதில் இருந்த இருவரும் இறந்துபோனார்கள். அன்றிலிருந்து ஒரே கேள்வி என்னை அரித்துக்கொண்டிருக்கிறது. நாளை உங்களில் ஒருவர் எங்கள் தோட்டத்தில் உயிரோடு இறங்கினால், தீயணைப்பு வண்டி வருவதற்குள் முதலில் ஓடிவரப்போவது வெட்டுக்காரரும் உரம் போடும் அம்மாவும்தான். அவர்களுக்கு என்ன தெரியும்?

சில சிறு விமானங்களில் ராக்கெட் விசையால் விரியும் பாராசூட் இருக்கிறதாம். விழுந்த பின்னும் அது வெடிக்காமல் உள்ளே கிடந்தால், உடைந்த பாகத்தை இழுப்பவரின் முகத்துக்கு நேரே பாயக்கூடும் என்று அண்மையில்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். யோசிக்காமல் இழுப்பார்கள். லாரி கவிழ்ந்தாலும் அப்படித்தான் இழுக்கிறார்கள்.

அதேபோல, எங்களுக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியாது. இருபத்தைந்து ஆண்டுக்கு ஒருமுறை பழைய மரங்களைச் சாய்த்து மறுநடவு செய்வோம். மண்ணை மூடுவதற்காக விட்ட கொடி சில மாதங்களில் படர்ந்து, மேலிருந்து பார்த்தால் பந்து விளையாடும் திடல்போலத் தெரியும். என்ஜின் நின்றுபோன விமானி அதைத்தான் தேர்ந்தெடுப்பார் என்று நினைக்கிறேன். அந்தக் கொடியைக் காலால் விலக்கிப் பாருங்கள். சீவிப் போட்ட மரத்துண்டுகள் முழங்கால் உயரத்துக்குக் கிடக்கும். அதற்கு அடியில் மழைநீர் ஓடும் கான். கடலோரக் களிமண் ஆனதால் கான் இல்லாமல் இங்கே விவசாயமே இல்லை. சக்கரம் அதில் இறங்கினால் விமானம் குப்புறக் கவிழ்ந்துவிடும். செம்மண் சாலை எது, லாரி போகும் அகலம் எதற்கு இருக்கிறது, தோட்டத்தின் எந்தப் பிளாக், அதாவது எந்தப் பகுதி, புதிதாகச் சாய்த்தது, மின்கம்பி எங்கே குறுக்கே ஓடுகிறது என்று காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில் நிற்கும் எந்த மண்டோரைக் கேட்டாலும் சொல்வார்.

விபத்து நேர்ந்தால் விமானத்தில் இருக்கும் அவசரக் குறிப்புக் கருவி 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்குக் குறிப்பு அனுப்பும். அது இடத்தைக் காட்டும். எந்தக் கேட் பூட்டியிருக்கிறது, சாவி யார் வீட்டில் தொங்குகிறது என்று காட்டாது.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்போது தோட்டங்களில் மருந்தடிக்க ட்ரோன் வந்துவிட்டது. ட்ரோனுக்கு 400 அடி உச்சவரம்பு. ஊருக்கு வெளியே நீங்கள் தாழ்ந்து பறக்கக்கூடிய அளவு 500 அடி. நடுவில் இருப்பது நூறே அடி. மருந்தடிக்கும் நாளை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள என்ன தடை?

சென்ற ஆண்டு ஒரு கழகத்துக்கு இதையெல்லாம் எழுதினேன். பதில் வரவில்லை. அதனால்தான் இப்போது எல்லாரும் பார்க்கும்படி எழுதுகிறேன்.

ஒரு சனிக்கிழமை எங்கள் தமிழ்ப்பள்ளித் திடலுக்கு வாருங்கள். எதைத் தொடக்கூடாது, எந்தப் பக்கமாக நெருங்க வேண்டும், அவசர எண் 999-இல் என்ன சொல்ல வேண்டும் என்று படம் போட்டுத் தமிழில் ஒரே ஒரு தாள் கொடுங்கள். பெரட்டுக் களத்துப் பலகையில் நானே ஒட்டுகிறேன். பதிலுக்குப் பிளாக் எண்களும் கேட்டுகளும் குறித்த தோட்டத்து வரைபடத்தை, நிர்வாகத்திடம் அனுமதி வாங்கி உங்கள் கையில் தருகிறோம். அன்று மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில்.